வேலி தாண்டி முளைத்த சூமாக் கன்றுகள்

தடவினால் கன்றுக்குட்டியின் காது மாதிரி மெத்தென்று இருக்கும், சூமாக் மரத்தின் இளங்கொப்பு. டேனிஷ்காரர் மான்கொம்பு மரம் என்பார்கள்.

டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டில் தொழிற்சாலை வேலைக்குப் போய்வந்த காலம். மனைவி செல்வி மன்னாரில். குடும்பத்தைக் கூப்பிட என்னைப் போன்ற தமிழர் போட்ட விண்ணப்பங்கள் எல்லாம் கோப்பன்ஹேகன் குடிவரவு அலுவலகத்தில் அசையாமல் கிடந்தன. எனக்கு அது மூன்றாவது வருடம்...

வாடகை வீட்டின் பின்வளவில் ஒரு சூமாக் நின்றது. அதைச் சுற்றிக் கன்றுகள் முளைத்தபோது எனக்குப் புளுகம், அப்படி ஒரு சந்தோஷம். ஊரில் கறிவேப்பிலை வேரில் வெடித்த கன்றை யாராவது வெட்டி எறிவார்களா? கிண்டி எடுத்து அயலுக்குக் கொடுப்போம். நானும் மண்வெட்டியால் கிண்டி, வாளிகளில் வைத்து, தமிழ் வீடுகளுக்கெல்லாம் கொடுத்தேன்.

கெடுத்தேன் காரியத்தை! அறுந்த வேரெல்லாம் வெடித்தது. ஒன்று இருந்த இடத்தில் நாலு.

வேலிக்குக் கீழால் போய், பக்கத்து வீட்டு யென்ஸின் புல்தரையிலும் முளைத்தது. அந்தப் புல்லை அவர் பிள்ளை மாதிரி வளர்த்தவர். "இப்படியே போனால் கொம்யூனுக்குக் கடிதம் எழுதுவேன்" என்றார். கொம்யூன் என்றால் நகரசபை.

அறையில் கூட இருந்த அந்தோனி அண்ணை இன்னும் பயப்படுத்தினார். "டேய், முறைப்பாடு ஒண்டு போனாக் காணும். உன்ர ஃபைல் அதோட சரி. செல்வி அங்கதான்."

உண்மையோ பொய்யோ, யாரிடம் கேட்பது? அடுத்த சனிக்கிழமை காலையிலேயே யென்ஸின் புல்லில் முழங்காலில் நின்றேன். வெட்டாமல், வேர்வரை விரலால் தோண்டி, ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்தேன். கோடை முழுக்க எல்லாச் சனிக்கிழமையும் இதே வேலை.

ஒருநாள் யென்ஸ் கோப்பியோடு வந்தார். "ஏன் இவ்வளவு பயப்படுகிறாய்?"

தெரிந்த அரைகுறை டேனிஷில் செல்வியைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் கோப்பியை என் கையில் தந்தார். பிறகு, "கடிதம் எழுதத்தான் போகிறேன். கொம்யூனுக்கு அல்ல, கோப்பன்ஹேகனுக்கு" என்றார்.

எழுதியும் காட்டினார். 'இவன் நல்ல அயலவன். இவனுடைய மனைவியை எப்போது விடுவீர்கள்?'

அந்தக் கடிதத்தை யாராவது வாசித்தார்களா தெரியாது. செல்வி வர இன்னும் இரண்டு வருடம் எடுத்தது.

பிறகு அந்த வாடகை வீட்டையே வாங்கினோம். யென்ஸ் இப்போது இல்லை. அவர் வீட்டில் ஒரு இளம் சோடி இருக்கிறது. சனிக்கிழமைகளில் அவர்களிடம் கேட்டுவிட்டு உள்ளே போய்க் கன்று பிடுங்குகிறேன்.

"இஞ்சாருங்கோ, முழங்கால் நோகுது எண்டுறியள். உந்த மரத்தைத் தறிச்சா என்ன?" என்கிறாள் செல்வி.

"இருக்கட்டுமப்பா" என்பேன்.

எத்தனையோ அலுவலகங்களுக்கு நான் எழுதினேன். இந்த நாட்டில் எனக்காக ஒருவர் எழுதியது அந்த ஒரு கடிதம்தான்.