ஏழு நிமிஷத்துக்கு மூணு மாசம்

டைப்பிஸ்ட்டு வேலையில பத்து விரலும் ஓடும், மத்த உடம்பு பூரா உக்காந்தே இருக்கும்.

நான் பாளையங்கோட்டையில கோர்ட்டுக்குப் போற ரோட்டுல ஒரு டைப் கடையில ஆறு வருஷமா உக்காந்திருக்கேன். மனு, அபிடவிட்டு, வாடகை ஒப்பந்தம்னு எது வந்தாலும் அடிப்பேன். பதினோரு மணிக்கு ரெண்டு வடை, நாலு மணிக்கு பஜ்ஜி, எந்தக் கட்சிக்காரராவது கேசுல ஜெயிச்சுட்டா அல்வா. காலேஜ் படிக்கும்போது ஆயிரத்தி ஐநூறு மீட்டர்ல ரெண்டாவதா வந்து எவர்சில்வர் டிபன் கேரியர் பரிசு வாங்கினவன் நான். அந்தக் கேரியர்லதான் ஆறு வருஷமா மூணு அடுக்கு சோறு கொண்டாந்து தின்னேன். தொந்தி எங்கன இருந்து வந்துதுன்னு இனிமே கேக்காதீங்க.

இந்த நிலைமையில சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்குப் பரீட்சை எழுதினேன். பாஸ்! நம்பவே முடியல, தெருவுல நின்னு கத்தினேன். பொறவுதான் அடுத்த தாளு வந்துது. உடல்தகுதித் தேர்வு, ஆயிரத்தி ஐநூறு மீட்டர ஏழு நிமிஷத்துக்குள்ள ஓடணும். மூணு மாசந்தான் இருக்கு. வயசு வரம்பும் எனக்கு இந்தத் தடவையோட முடியுது. இத விட்டேன்னா ஆயுசுக்கும் இந்தக் கடை, இந்த ஸ்டூலு, இந்த மெஷினுதான்.

என்னைய மாதிரி உக்காந்தே தொந்தி வளத்துட்டு, திடீர்னு ஒரு நாளு ஓடியே ஆகணும்னு மாட்டிக்கிட்ட மக்களே, உங்களுக்குத்தான் இத அடிக்கேன். மனுவுக்கும் மனுவுக்கும் நடுவுல அடிக்கேன், அங்கங்க அந்து போகும், பொறுத்துக்கிடுங்க.

வழி விடு தம்பி

முத நாளு காலைல அஞ்சரைக்கு கிரவுண்டுக்குப் போயாச்சு. காலேஜ்ல போட்ட டிரவுசரு தொடையோட நின்னுட்டு, அதுக்கு மேல ஏறவே மாட்டேன்னுட்டு. சரின்னு புதுசு வாங்கி, கேன்வாஸ் சூவுக்கு வெள்ளையடிச்சு, நெத்தியில துண்ணூறும் பூசி, ஏதோ இன்னிக்கே வேலைய குடுக்கப் போறாங்கன்னு நெனப்புல கெளம்பினேன். அரைச் சுத்து ராஜாவா ஓடினேன். முக்காச் சுத்துல விலாவுல ஒரு குத்து. ரெண்டாவது சுத்துல என் மூச்சுச் சத்தம் எனக்கே அசிங்கமா கேக்குது, பழைய ரைஸ் மில்லு மாதிரி.

இருந்தாலும் நிக்கல. ஓடிக்கிட்டேதான் இருக்கேன், சத்தியமா ஓடிக்கிட்டுத்தான் இருக்கேன். பின்னால பேச்சுச் சத்தம் கேக்குது. ரிட்டயர்டு ஆனவங்க நாலு பேரு, தலையில மங்கி குல்லா, பென்ஷனப் பத்தி பேசிக்கிட்டே நடந்து வாராங்க. வந்து என்னைய நெருங்கிட்டாங்க. அதுல ஒரு பெரியவரு கைத்தடியால என் தோள்ல பைய தட்டினாரு.

"தம்பி, நடக்கதா இருந்தா ஓரமா நட, பின்னால ஆளு வருதுல்லா."

பாவம் அந்தப் பய

அந்த அவமானத்துக்குப் பொறவு கொஞ்ச நாளைக்கு கிரவுண்டே வேண்டாம்னு சீவலப்பேரி ரோட்டுக்கு மாத்திக்கிட்டேன். ரெண்டு பக்கமும் வயலு, நல்ல காத்து, பாக்கதுக்கு ஒரு ஆளு கெடையாது. அப்படித்தான் நெனச்சேன். காலைல முத டவுன் பஸ் ஒண்ணு வரும்ங்கத மறந்துட்டேன்.

நம்ம ஊரு டவுன் பஸ்ஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. ரோட்டுல ஒருத்தன் ஓடுதான்னா அவன் பஸ்ஸுக்குத்தான் ஓடுதான். வேற எதுக்கு ஒரு மனுசன் ஓடுவான்? என்னையத் தாண்டிப் போன பஸ்ஸு கொஞ்ச தூரத்துல நின்னுட்டு. நான் பாக்காத மாதிரி பஸ்ஸத் தாண்டி ஓடினேன். விசிலு! பஸ்ஸு திரும்ப என்னையத் தாண்டிப் போயி நின்னுது. கண்டக்டரு படியில தொங்கிக்கிட்டு "ஏறும் வே! ஏறும்!"னு கத்துதாரு. எனக்கு மூச்சு வாங்குது, பேச்சு வரல, "போங்க போங்க"னு கைய மட்டும் ஆட்டினேன். டிரைவரு தலைய வெளியில நீட்டி ஏதோ சொன்னாரு, அத இங்க அடிக்க முடியாது. இதே கூத்து மறுநாளும் நடந்துது, அதுக்கு மறுநாளும் நடந்துது.

நாலாம் நாளு பஸ்ஸு நிக்காமப் போச்சு. அப்பாடான்னு இருந்துது. அடுத்த வளைவுல பாத்தா நின்னுக்கிட்டிருக்கு. ஜன்னல் ஓரத்துல பூக்கூடையோட இருந்த ஒரு அம்மாதான் நிறுத்தச் சொல்லிருக்காவ. பஸ்ஸுக்கே கேக்க மாதிரி கண்டக்டர்கிட்ட சொல்லுதாவ.

"வீட்டுல சண்டை போட்டுட்டு வெறுங்கையோட வந்துட்டான் போல, பாவம் அந்தப் பய, ஏத்திக்கிடுங்க, டிக்கெட்டு நான் எடுக்கேன்."

கைய விரிச்சது தப்பு

இது இன்னும் மோசம். கார்த்திகை மாசம், அந்த ரோட்டுலயே, இன்னும் சரியா விடியல. நாத்து நடப் போற பொம்பளைங்க ஏழெட்டுப் பேரு தூக்குச்சட்டியோட எதுத்தாப்ல வாராங்க. அந்தப் பக்கத்துல விடியுமுன்ன ஒருத்தன் தலைதெறிக்க ஓடுதான்னா சாவுச் சேதி சொல்லப் போறான்னு அர்த்தம். இது எனக்குத் தெரியாது. நான் டவுனுக்காரன்.

முன்னால வந்த அக்கா நின்னு, "ஏ தம்பி, யாருக்கு என்ன?"ன்னா. ஒண்ணுமில்லக்கான்னு சொல்லணும். வாயில காத்துதான் வருது. அதனால ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினேன், ஒண்ணுமில்லன்னு. அவ்வளவுதான், "ஐயோ, முடிஞ்சிட்டா!"ன்னு ஒரு கூப்பாடு. அவங்க ஊருல யாரோ ஒரு பெரியவரு ரெண்டு வாரமா இழுத்துக்கிட்டு கெடக்காராம். தூக்குச்சட்டிய வரப்புல வச்சுட்டு அத்தனை பேரும் மாரடிச்சுக்கிட்டே ஊரப் பாத்து ஓடுதாங்க.

நான் என்னத்தச் செய்ய? அந்தப் பெரியவரு உசுரோட கட்டில்ல கெடக்கும்போது இவங்க போயி ஒப்பாரி வச்சா என் கதி என்னாகும்? பின்னாலயே ஓடினேன். மூணு மாசத்துல நான் அப்படி ஓடினதே கெடையாது, விலாவுல குத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல! ஊரு எல்லையில போயி மறிச்சு, குனிஞ்சு முழங்காலப் பிடிச்சுக்கிட்டு, "யாரும் சாவலக்கா, நான் வேலைக்காக ஓடிப் பழகுதேன்"னு ஒரு வழியா சொல்லி முடிச்சேன். அந்த அக்கா கண்ணத் தொடச்சுட்டு என்னைய மேலயும் கீழயும் பாத்தா.

"ஏலே, ஒரு ஆளுகூட சாவாமலா இந்த ஓட்டம் ஓடின?"

வரப்பு

(ஒரு வில்லங்க மனு வந்துட்டு, அடிச்சுக் குடுத்துட்டு வந்தேன். எங்கன விட்டேன்? ஆங், கடை.)

காலைல ஓடுதவனுக்கு மத்தியானம் என்ன ஆகும்னு ஓடிப் பாத்தவங்களுக்குத்தான் தெரியும். சாப்பிட்டு உக்காந்த உடனே கண்ணு சொக்கும். எங்க கடையில மூணு பேரு. நான், எனக்கு எதுத்த மெஷின்ல இசக்கியக்கா, மொதலாளி சிவனு அண்ணாச்சி. நான் சொக்குனா அக்கா ஸ்கேல எடுத்து மேசையில ஒரு தட்டு தட்டுவா. அன்னிக்கு அக்கா லீவு.

ஒரு விவசாயி வந்திருந்தாரு. பக்கத்து வயக்காரன் வரப்ப வெட்டி உள்ள தள்ளிப் போட்டுட்டானாம், அதுக்கு மனு. அவரு சொல்லச் சொல்ல அடிக்கேன். பேப்பரக் கோணலா மாட்டினதே எனக்குத் தெரியல. பாதியில நான் தூங்கிட்டேன் போல, விரலு மட்டும் போய்க்கிட்டு இருந்திருக்கு. மூணு கார்பன் காப்பியும் சேத்து பேப்பர உருவிக் குடுத்தேன். வரியெல்லாம் மேல இருந்து கீழ சரிஞ்சு மார்ஜினைத் தாண்டி வெளிய போகுது. அவரு கண்ணாடியப் போட்டுப் பாத்தாரு, கழட்டியும் பாத்தாரு. கோவப்படல, அதுதான் இன்னும் சங்கடமாப் போச்சு.

"தம்பி, வரப்பு கோணிட்டுன்னுதான் நான் கேசு போடுதேன், நீரு அடிச்ச வரியோட பாத்தா என் வரப்பு நேராத்தான் இருக்கு."

மார்கழிக் கோலம்

என் கூடப்பொறந்த அக்காவக் கட்டிக் குடுத்தது கல்லிடைக்குறிச்சியில. ஒரு ஞாயித்துக்கிழமை போயிருந்தேன். ஒரு நாளு ஓட்டத்த விட்டா ஒரு வாரம் பின்னால போயிரும்னு எனக்குப் பயம். அக்கா, "ஆத்தங்கரை வரைக்கும் அந்த அக்ரஹாரத் தெரு நேரா இருக்கும்லே, மேடு பள்ளம் கெடையாது, அங்கன ஓடு"ன்னா. நேராத்தான் இருந்துது. அது மார்கழிங்கத அவளும் சொல்லல, நானும் யோசிக்கல.

தெரு முழுக்க கோலம். வீட்டுக்கு வீடு நடு ரோடு வரைக்கும் இழுத்துருக்காங்க, ஈரம் காயல, நடுவுல பூசணிப்பூ வேற. ஓடுதவனுக்குப் பாதம் வைக்க ஒரு சாண் எடம் இல்ல. தாண்டினேன், வளைஞ்சேன், நுனிக்கால்ல குதிச்சேன். ஆயிரத்தி ஐநூறு மீட்டருக்குப் பழகப் போனவன் தடை தாண்டும் போட்டியில்லா ஓடுதேன்! அஞ்சாவது வீட்டுல வழுக்கி, ஒரு தேர்க் கோலத்துல சக்கரத்த அப்படியே சூவோட தேச்சுட்டேன். கோலப்பொடி டப்பாவோட ஒரு மாமி நிமிந்து பாத்தாங்க. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். மாமி என்னையப் பாக்கல, எதுத்த வீட்டு வாசலப் பாத்தாங்க. அங்க இவங்களோடத விட பெரிய தேரு ஒண்ணு நிக்குது. பொறவு குரலத் தாழ்த்திச் சொன்னாங்க.

"மிதிச்சது மிதிச்சுட்டே, அப்படியே எதிராத்துத் தேரையும் ஒரு மிதி மிதிச்சுட்டுப் போயிடேன்."

அண்ணாச்சி வாட்ச்சு

இத அடிக்கும்போது மட்டும் இப்பமும் எழுத்து தப்புத் தப்பா விழுது.

ரெண்டு மாசம் முடிஞ்ச ஒடனே வெக்கத்த விட்டு திரும்ப கிரவுண்டுக்கே வந்துட்டேன். நேரம் பாக்க ஆளு வேணும்லா? சிவனு அண்ணாச்சிதான் தெனமும் வந்தாரு. பனியில மப்ளரு சுத்திக்கிட்டு, கைக்கடிகாரத்த உள்ளங்கையில வச்சுக்கிட்டு நிப்பாரு. நான் போயிட்டா அவருக்கு ஒரு டைப்பிஸ்ட்டு போச்சு, அப்படி இருந்தும் வந்தாரு, அதச் சொல்லணும். மொதல்ல ஒம்போது நிமிஷம்னாரு. பொறவு எட்டே கால். பொறவு ஏழரை. ஒரு நாளு, "ஏலே, ஆறு நிமிஷம் அம்பது!"ன்னாரு. நான் அவரக் கட்டிப் பிடிச்சுட்டேன். அன்னைல இருந்து தெனமும் ஆறு அம்பது, ஆறு நாப்பத்தஞ்சு. நானும் வேலை கெடச்ச மாதிரியே நடந்துக்கிட்டேன். ரெண்டு நாளு ஓடக்கூட போகல. வடைக்குத் திரும்பிட்டேன்னே வச்சுக்கிடுங்க.

தேர்வுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது இசக்கியக்கா, அவ தங்கச்சி விளையாட்டு டீச்சருங்கதால, நெசமான ஸ்டாப் வாட்ச் ஒண்ணு எரவல் வாங்கிட்டு வந்தா. ஓடி வந்து கோட்டுல விழுந்தேன். அக்கா வாட்ச்ச என் மூஞ்சிக்கு நேரா நீட்டினா. ஏழு நிமிஷம் முப்பத்தொரு செகண்டு. அண்ணாச்சியப் பாத்தா, அவரு மப்ளர அவுத்து அவுத்துக் கட்டுதாரு. "எத்தனை நாளா இப்படிச் சொல்லுதிய?"ன்னேன். பத்து நாளாச்சாம்! பத்து நாளு, மக்களே! கத்தினேன், அழுதேன்னும் சொல்லலாம். அவரு தரையப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

"நீ வந்து விழுந்து மூஞ்சிய நிமித்திப் பாக்க பாவத்துக்கு, ஏழரைன்னு சொல்ல எனக்கு நாக்கு எழும்பலலே."

மூணே முக்கால்

அந்த ரெண்டு வாரம் என்ன செஞ்சேன்னு எழுதினா நீங்க நம்ப மாட்டிய. காலைலயும் ஓட்டம், சாயந்திரமும் ஓட்டம். மழையில ஓடினேன். கோர்ட்டுல வக்கீலுக்குப் பேப்பரு குடுக்கப் போனாக்கூட ஓடினேன். இசக்கியக்கா வாட்ச்ச கழுத்துல போட்டுக்கிட்டு ஒரு செகண்டு கூட விட்டுக் குடுக்காம கத்துனா. தேர்வுக்கு முந்துன நாளு ஏழு நிமிஷம் ஆறு செகண்டு. இன்னும் ஆறு செகண்டு பாக்கி. ஒரு வரி அடிக்க நேரங்கூட இல்ல, அதுக்குள்ள என் ஆயுசு கெடக்கு.

தேர்வு அன்னிக்கு போலீஸ் கிரவுண்டுல இருபது பேரு சேந்து ஓடினோம். விசிலு அடிச்சதுதான் தெரியும். நேரமும் பாக்கல, பக்கத்துல யாருன்னும் பாக்கல. எங்க கிரவுண்டுல அண்ணாச்சி காலால அளந்து அஞ்சு சுத்துன்னு சொல்லியிருந்தாரு, நான் அஞ்சு சுத்தாத்தான் பழகியிருந்தேன். அண்ணாச்சி நேரத்தக் கொறச்சுச் சொன்ன மாதிரி தூரத்தையும் கொறச்சு அளக்கல, கூட்டி அளந்து தெனமும் அதிகமாவே ஓட வச்சிருந்தாருன்னு பொறவுதான் தெரிஞ்சுது. அதோட இங்க சுத்து பெருசு, மூணே முக்கால் சுத்துதான். வெளக்கமாத்தான் சொன்னாங்க. என் மண்டைக்குக் கேட்டுது, காலுக்குக் கேக்கல. கோடு வந்துது, தாண்டினேன், ஓடிக்கிட்டே இருக்கேன். முன்னால யாரையும் காணும். சரி, எல்லாரும் என்னைய விட்டுட்டுப் போயிட்டாங்க, எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சு பல்லக் கடிச்சு இன்னும் வெரசா ஓடுதேன். பின்னால பூட்ஸு சத்தம். "நில்லு! ஏய், நில்லு!" பயத்துல இன்னும் வெரசா ஓடினேன். அரைச் சுத்து போயித்தான் பிடிச்சாரு, நல்லா ஒசந்த ஏட்டு ஒருத்தரு, என் பனியனக் கொத்தாப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குதாரு.

"ஆறு அம்பத்தி ரெண்டுல ஓட்டம் முடிஞ்சு போச்சு வே, இன்னும் வேலையிலேயே சேரல, அதுக்குள்ள போலீஸ வெரட்டிப் பிடிக்க வச்சுட்டீரே!"

நேத்து தபால்ல ஆர்டர் வந்துட்டு, அதுல பயிற்சியப் பத்தி போட்டிருக்கதப் படிச்சுப் பாத்தா, ஓடி முடிச்சா வேலை கெடைக்கும்னு நெனச்சு ஓடின எனக்கு, கெடச்ச வேலையே தெனமும் காலைல அஞ்சு மணிக்கு ஓடுததுதானாம்.