ஊசி ஆவாது

நுகர்வோர் நீதிமன்ற வராந்தாவில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தைவிட எழுந்து நடந்த நேரம்தான் அதிகம். தண்ணீர் குடித்தேன், கழிப்பறைக்குப் போனேன், வந்து மறுபடி தண்ணீர் குடித்தேன். நர்ஸ் வேலையில் ஊருக்கே "ஒண்ணுமில்ல, பயப்படாதிய" என்று சொன்ன வாய் எனக்கு. அன்றைக்கு எனக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை.

எதிர்ப் பெஞ்சில் வழக்குப் போட்ட பெண் இருந்தாள். பக்கத்தில் அவள் மாமியார். அவள் கணவன் துறைமுகத்தில் கன்டெய்னர் வேலை பார்த்தவன். தகடு காலைக் கிழித்து ஒரு மத்தியானம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தான். நான் ஊசி மருந்தை எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "சிஸ்டர், அவியளுக்கு ஊசி ஆவாது. முந்தி ஒரு தடவ..."

நான் முடிக்க விடவில்லை. எங்கள் பக்கத்தில் ஆகாது என்றால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்றும் பொருள், கண்டாலே பிடிக்காது என்றும் பொருள். நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை பெரிய ஆள் ஊசிக்குப் பயப்படுகிறானே என்று எனக்கு ஒரே சிரிப்பு. "ஊசிக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் என்ன, வாய்க்கா தகராறா?" என்றேன். அவனும் வெட்கப்பட்டுச் சிரித்தான். அலர்ஜி என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டு ஊசியைப் போட்டேன். பத்து நிமிடத்தில் மூச்சு நின்றது. உயிரைத் திருப்பினோம். பேச்சும் நடையும் திரும்பவில்லை.

"அலர்ஜின்னு அந்தம்மா சொன்னாங்களான்னு கேப்பாங்க. இல்லைன்னு சொல்லுங்க. உண்மைதானே?" என்றார் ஆஸ்பத்திரி வக்கீல். உண்மைதான். அதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. பொய் சொல்லச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே அவரைக் கிழித்திருப்பேன். இந்த உண்மையைச் சொன்னால் என் வேலை தப்பிக்கும், நர்ஸ் பதிவும் தப்பிக்கும்.

மாமியார் வருவோர் போவோரிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தாள். "இவ வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம்புள்ள இப்படிக் கெடப்பானா? ஆஸ்பத்திரிக் காயிதத்துல இல்லைன்னுலா இருக்கு." மருமகள் மறுத்துப் பேசவில்லை. சொன்னோமா, சொல்லவில்லையா என்று அவளுக்கே குழம்பிப் போயிருக்க வேண்டும். என்னால் உட்கார முடியவில்லை. மறுபடி நடந்தேன்.

எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள்; அவர்களும் உள்ளே வந்தார்கள். நீதிபதி கேட்டார்: "அலர்ஜி என்று அந்த அம்மா சொன்னாரா?"

"இல்லை" என்றேன். எங்கள் வக்கீல் நிம்மதியாக வழக்குக் காகிதக் கட்டை மூடினார். போகலாம் என்றார்கள். நான் நகரவில்லை.

"அந்த வார்த்தையச் சொல்லல ஐயா. ஊசி ஆவாதுன்னு சொன்னாங்க. மேற்கொண்டும் ஏதோ சொல்ல வந்தாங்க. நான்தான் கேலி பண்ணி வாய அடச்சிட்டேன்."

வக்கீல் பார்த்த பார்வையிலேயே நாளைக்கு எனக்கு வேலை இல்லை என்று தெரிந்துவிட்டது. அந்தப் பெண் என்னைத் திட்டுவாள், காறித் துப்புவாள் என்று நினைத்து நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. மாமியாரின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"கேட்டியளா அத்தை? நான் சொல்லியிருக்கேன். சொல்லியிருக்கேன் அத்தை."