பின்னால் வந்த வண்டி

மாட்டின் கழுத்துமணி பின்னால் கேட்டால் இந்த வயதிலும் என் நடை வேகம் பிடிக்கும். முழங்கால் வலியும் டொக்டர் சொன்ன புத்தியும் எங்கேயோ போய்விடும். எல்லாம் எங்கள் தையல் ரீச்சரால் வந்த வினை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் வலிகாமத்து விடுதியொன்றில் தங்கி ஆசிரியப் பயிற்சி பெற்ற பன்னிரண்டு பெண்கள் நாங்கள். ஆண் மாணவர்கள் வருடந்தோறும் வழுக்கையாற்றங்கரையால் அராலிக் கடல்வரை ஒருநாள் நடை போவார்கள். எங்களுக்கு அது இல்லை. ரீச்சர் மூன்று தரம் போய்க் கேட்ட பிறகே விடுதி மனேச்சர் இறங்கிவந்தார். கூடார வண்டி ஒன்று பின்னால் வரும். ஒருத்தி ஏறினாலும் இதுவே கடைசி நடை என்றார். ரீச்சரின் பருத்த உடம்பைப் பார்த்துச் சிரித்தபடி அவர் அதைச் சொன்னதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தை மாதம். மாரி ஓய்ந்து ஆற்றில் உண்மையாகவே தண்ணீர் ஓடியது. எங்கள் ஆறு வருடத்தில் பாதிநாள் ஆறே அல்ல. சனம் அதை வண்டிப்பாதையாகத்தான் பாவிக்கும். சண்டிலிப்பாய்த் தெருவைக் கடக்கும்போது வேலிக்கு மேலால் ஒருவர், “உவையள் எங்கை போகினம், கலியாண வீட்டுக்கோ?” என்றார். “கடல் பாக்கப் போறம், வாறியளோ?” என்று கேட்டுவிட்டு ரீச்சர் நடந்தார். மத்தியானம் அவருடைய முழங்கால் வீங்கிவிட்டது. வண்டிக்காரர் நல்ல மனிதர். “ஏறுங்கோ ரீச்சர், நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.”

“நீங்கள் சொல்லமாட்டியள் அண்ணை. இந்தப் பன்னிரண்டு வாயையும் ஆர் பூட்டுறது?”

கொஞ்சத் தூரத்தில் அந்த நல்ல மனிதர், கோடையில் கடக்கிற பழக்கத்தில், மாட்டை நேரே ஆற்றுக்குள் இறக்கினார். சில்லு அச்சுவரை சேற்றில் புதைந்தது. வயலில் நின்ற ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நாங்கள் கூசி நின்றோம். ரீச்சர் செருப்பைக் கழற்றினார், சேலையை இழுத்துச் செருகினார், முதல் ஆளாக இறங்கினார்.

“வெக்கத்தை நாளைக்குப் படுவம் பிள்ளையள். இப்ப தள்ளுங்கோ.”

மூன்றாம் தள்ளலில் வண்டி கரையேறியது. எங்களுக்கு இடுப்புவரை சேறு.

அராலியில் காத்திருந்த மனேச்சர் எங்கள் கோலத்தைப் பார்த்தார், பிறகு கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தார். மாட்டைப் பிடித்தபடி நடந்துவந்த வண்டிக்காரர்தான் வாய் திறந்தார். “ஐயா, ஒருத்தரும் ஏறேல்லை. வண்டிதான் இவையின்ரை தோளிலை வந்தது.” ரீச்சர் கடலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அன்றைக்கு வந்த பெருமையை நான் இன்றுவரை குறைத்துக்கொள்ளவில்லை, குறைக்கப்போவதுமில்லை.

இப்போது தெருவெல்லாம் மோட்டார். போன கிழமை அபூர்வமாய் ஒரு மணிச்சத்தம் பின்னால் வந்தது. வண்டிக்காரர், “ஏறணை ஆச்சி” என்றார். “நீ போ ராசா, நான் நடந்து வாறன்” என்றேன். அவருக்கு என்ன தெரியும், பாவம்.

அந்த நடைக்கு அடுத்த தையிலும் நாங்கள் அராலிக்கு நடந்தோம். ரீச்சர் வளைவுக்கு வளைவு நின்று காது கொடுத்துக் கேட்டார். மணிச்சத்தம் இல்லை. மனேச்சர் வண்டி அனுப்பவில்லை.