கதவுத் தகட்டில் இருந்த வெற்றிகள்

போன வருஷம் தைப்பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது நடந்தது இது. இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் ஓரத்தில் உள்ள பிரான்காச்சோவில், தனியாக வாழும் ஒரு முதியவர் வீட்டில் எனக்கு வேலை. காலையில் பஸ் ஏறிப் போய், சமைத்து, துடைத்து, மருந்து கொடுத்துவிட்டுப் பின்னேரம் திரும்புவேன்.

அவர் அமெரிக்காவில் பிறந்தவர். பார்வைக்கு வீதியில் ஓடும் கார் போலவே இருக்கும் பந்தயக் கார்களை வட்டப் பாதையில் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்களே, அந்தப் போட்டியில் மூன்று முறை சம்பியன். வயது போன பிறகு, தகப்பன் பிறந்த ஊர் என்று இங்கே வந்துவிட்டார். பக்கத்துக் கராஜ்களின் இன்ஜின் சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காகவே அந்த வீட்டை எடுத்தாராம். முன்னறைச் சுவரில் அவருடைய பந்தயக் காரின் நசுங்கிய கதவுத் தகடு சாய்ந்திருக்கும். அதன் முன்னால் நின்று தினமும் எனக்குக் கதை சொல்லுவார். பாதி ஆங்கிலம், பாதி சிசிலியப் பேச்சு. நான் "சி, சி" என்று தலையாட்டிக்கொண்டு, மீனுக்கு உப்புப் போட்டேனா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். "ஓம்" என்பதற்கு இங்கே "சி". இந்த ஊருக்கு வீட்டு வேலைக்கு வந்த தமிழ் ஆட்கள் நாங்கள் முதலில் படித்த சொல் அது. விளங்கினாலும் சி, விளங்காவிட்டாலும் சி.

அமெரிக்காவிலிருந்து அவருடைய மகள் வர இருந்தார். பொங்கலுக்கு என் வீட்டைத் தேய்த்துக் கழுவிய வேகம் கையில் இன்னும் அடங்கவில்லை. எங்கள் ஆட்கள் துடைத்தால் வீடு மின்னும் என்று ஊர்ச் சினியோராக்கள், அதாவது வீட்டுக்கார அம்மாக்கள், சொல்லும் புகழ்ச்சி வேறு. அவர் குளிக்கப் போன நேரம், அடுப்புப் பிசுக்குக் கரைக்கும் மருந்தை அந்தத் தகட்டில் அடித்தேன். உள்பக்கத்தில் இருந்த கரி, எண்ணெய், கறுப்புக் கிறுக்கல் எல்லாவற்றையும் அழுத்தித் தேய்த்து எடுத்துவிட்டேன்.

அவர் வந்து பார்த்தார். விரலால் தடவினார்.

"என்ரை தம்பியின்ரை எழுத்து எங்கை?"

அவர் தகட்டைக் காட்டிக் காட்டிச் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. அவருடைய காரைப் பழுதுபார்த்தவர் தம்பி. ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் பந்தயம் நடந்த ஊரின் பெயரை மெழுகுப் பென்சிலால் அதில் எழுதியிருக்கிறார். கார் மாறினாலும் அந்தத் தகட்டை மட்டும் கழற்றி அடுத்ததில் பூட்டினார்களாம். தம்பி இறந்து பல வருஷமாகிறது. ஈரத்துணிகூடப் படக்கூடாது என்று முதல் நாளே எனக்குச் சொன்னாராம். அதற்கும் நான் "சி" என்றுதான் சொல்லியிருப்பேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் என் பெர்மெசோவை, அதாவது இங்கே தங்குவதற்கான பத்திரத்தை, அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். வேலை இல்லாவிட்டால் அது நடக்காது. அவரோ சாவியைப் பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுகிற மறதிக்காரர்.

"போன கிழமை நீங்கள்தானே துடைச்சனீங்கள்?" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவரும் நம்பினார். தகட்டின் மேல் கையை வைத்து, தம்பியின் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பிறகு ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் ஒட்டினார்: அழித்தது நான், இந்தப் பெண்ணைக் குறை சொல்ல வேண்டாம்.

மறுநாள் மகள் வந்து அதை வாசித்து அழுதார். என் கையைப் பிடித்து, பொறுமையாகப் பார்த்துக்கொள்வதற்கு நன்றி சொன்னார். அன்றைக்கே ஒரு முடிவும் எடுத்துவிட்டார். இதையே அழிக்கும் அளவுக்கு மறதி முற்றிவிட்டால் அப்பாவை இனித் தனியே விட முடியாது, முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டும் என்றார்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "அந்தாளுக்கு நாளைக்கு ஒண்டும் நினைவிருக்காது. நீ ஏன் வாயைக் குடுத்து வேலையைக் கெடுக்கிறாய்?" என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது. மூன்று நாள் பேசாமல் இருந்தேன். பொங்கலும் பொங்கினேன். சூரியனைக் கும்பிடக் கை எழவில்லை.

இல்லத்தின் பத்திரத்தில் கையெழுத்துப் போட முதியவர் பேனையை எடுத்த காலையில்தான் எனக்கு வாய் வந்தது. "நான்தான் அழிச்சனான்" என்றேன்.

மகள் ஏசவில்லை. "அப்பா அந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்து இந்தக் கதையைத் தினமும் உங்களுக்குத்தானே சொன்னவர். ஒரு ஊரின்ரை பெயரையாவது சொல்லுங்கோ, எழுதி வைப்பம்" என்று கேட்டார். எட்டு மாதம் கேட்ட கதை. எனக்கு ஒரு பெயரும் வரவில்லை. கன்னத்தில் இரண்டு அறை விழுந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். முதியவர் சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டினார், ஒட்டியிருந்த தாளைக் கிழித்தார்.

அவர் வீட்டிலேயே இருக்கிறார். என் வேலையும் இருக்கிறது. ஆனால் மறுநாள் காலை அவர் தகட்டின் முன்னால் நின்று, "இதை நானே அழிச்சுப்போட்டனோ?" என்று கேட்டார். என்னை மன்னித்ததை மறந்துவிட்டார். என் பொய் மட்டும் அவர் மனதில் தங்கிவிட்டது. இன்றும் கேட்கிறார். "இல்லை, நான்தான்" என்கிறேன், அவரும் புதிதாக மன்னிக்கிறார். பஸ் பிந்திய காலைகளில், அவசரத்தில், அந்தப் பழைய "சி" நாக்கு நுனிவரை வந்துவிடுகிறது. நான் அதைச் சொன்னால் என் பழியைச் சுமக்க அவர் ஒவ்வொரு காலையும் தயாராகவே நிற்கிறார் என்பதை நினைக்கும்போது, இன்றும் எனக்குத் தலை நிமிரவில்லை.