தரை நழுவிய படம்

மரக்காணம் பஸ் ஸ்டாண்டு எதிரே ஸ்டூடியோ வைத்திருந்த ஏசுராஜுக்கு ஒரு பெருமை உண்டு. அவர் படத்தில் யாரும் அசைந்தது கிடையாது. சர்ச்சில் புதுநன்மை வாங்கும் பிள்ளைகளானாலும் கல்யாண ஜோடியானாலும் ஆணி அடித்த மாதிரி நிற்பார்கள். எழுபத்து மூன்று மாசி மாதத்தில் அந்தப் பெருமையை உடைத்தவன் பக்கத்து ஊரான அனுமந்தையின் தட்சணாமூர்த்தி.

கூத்தாடியான அவன் பட்டாளத்துக்குப் போய், எழுபத்தொன்று பாகிஸ்தான் சண்டையிலிருந்து திரும்பியவன். கிழக்கே ஒரு சேற்று வயலில், பக்கத்தில் ஓடிவந்த கூட்டாளி குண்டு விழுந்து மண்ணோடு போனதைக் கண்ணால் கண்டவன். யார் கேட்டாலும் வாய் திறக்க மாட்டான். கூத்து முடிந்த விடியலில் மட்டும், வசனமே இல்லாமல் அதை ஆடுவான். அந்த ஆட்டத்தை ஏசுராஜ் ஒருநாள் ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுத்துக் கொடுத்தார்.

"இன்னாண்ணே இது? ஆடுனது நானு. இதுல எவனோ நிக்கிறான்!"

ஏசுராஜுக்குச் சுருக்கென்றது. ஷட்டரைத் திறந்தே வைத்தால்? உடம்பு கரைந்து, நடுக்கம் மட்டும் படத்தில் விழுமே! இன்னொரு தடவை ஆடச் சொல்லிக் கேட்க, சைக்கிளை மிதித்து அனுமந்தைக்கே ஓடினார்.

"ஒரே தபா ஆடறேன். ஆடிட்டா ரெண்டு நாளு சோறு எறங்காது எனக்கு. அப்புறம் கேக்காத."

பொழுது சாய்ந்ததும் உப்பளத்துக்குப் போனார்கள். அங்கே வேலை செய்யும் பாஞ்சாலை, காலால் மிதித்து இறுக்கி, விரல் கனம் தண்ணீர் விட்ட பாத்தி ஒன்றைக் காட்டினாள். வானம் முழுக்க அதில் கிடந்தது.

"ஏசண்ணே, கேமரா ஸ்டாண்டை வரப்புல வை. இது ஒரு மிதிதான் மிதிச்சிருக்குது, தரை இன்னும் நல்லா இறுகல."

"அவ்ளோ தூரத்துல மொகம் தெரியாதும்மா" என்று பாத்திக்குள்ளேயே ஊன்றினார் ஏசுராஜ்.

ஷட்டரைத் திறந்து 'அருள்நிறைந்த மரியே' சொல்ல ஆரம்பித்தார். அவருக்குக் கடிகாரம் அந்த ஜெபம்தான். முழுசாக ஒன்று சொன்னால் பதினைந்து வினாடி. தட்சணாமூர்த்தி ஓடினான், எகிறினான், தரை அதிர விழுந்து எழுந்தான். கடைசியில் இல்லாத ஒரு தோளை எட்டிப் பிடிக்கப் போய், நீட்டிய கையோடு அப்படியே நின்றான். 'ஆமென்' சொல்லி மூடியபோதுதான் ஏசுராஜ் குனிந்து பார்த்தார். ஸ்டாண்டின் ஒரு கால் நாலு விரற்கடை சேற்றில் இறங்கியிருந்தது.

"சொன்னேன்ல!" என்று பாஞ்சாலை தலையில் அடித்துக்கொண்டாள்.

போச்சு. இன்னொரு ஆட்டம் கிடையாது. ஆனாலும் மனசு கேட்காமல் பிலிமைக் கழுவி, சிவப்பு விளக்கடியில் காகிதத்தை மருந்தில் போட்டார். கறுப்பு ஏற ஏற அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. வரப்பும் வானமும் ஒரே சறுக்கலாக வலப்பக்கம் வழிந்தன. நடுவே புகை மாதிரி ஓர் உடம்பு. துல்லியமாக இருந்தது அந்த நீட்டிய கை ஒன்றுதான்.

ஈரம் காய்ந்தும் காயாமலும் அனுமந்தைக்கு எடுத்துப் போனார்.

"மன்னிச்சுக்கப்பா, ஸ்டாண்டு எறங்கிடுச்சு..."

"சும்மா இருண்ணே! குண்டு விழுந்தப்ப தரை இப்படித்தான் போச்சு. இப்படியேதான்!" தட்சணாமூர்த்தியின் விரல் அந்தக் கைக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தில் நின்றது. "இங்கதான் இருந்தான். சிவஞானம். ஓடுறப்பகூட எதுனா பாடிக்கினே வருவான்."

கூட்டாளியின் பெயர் அவன் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. அன்று சாயங்காலம் வரை ஏசுராஜை அவன் விடவில்லை. சிவஞானம் சிவஞானம் என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

மறுநாள் ஸ்டூடியோ கண்ணாடிப் பெட்டியிலிருந்து கல்யாண ஜோடி இறங்கியது. அந்தப் படம் ஏறியது.

"இன்னா ஏசு, கேமரா ஆடிப்போச்சா?" என்று பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஆமாம்பா, ஆடிச்சு!" என்று வாசலுக்கே வந்துவிட்டார் ஏசுராஜ். "பஸ்ஸு அப்புறம் வரும். உள்ள வா, சொல்றேன்!"