கேப்டன் கொடுத்த அனுமதி

பால்துரை அண்ணாச்சிக்குப் பிரெஞ்சு தெரியும் என்பது தூத்துக்குடிக் கடற்கரையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. வாலிபத்தில் புதுச்சேரி மளிகைக் கடையில் நின்றபோது, வாடிக்கையாக வந்த ஒரு வெள்ளைக்காரரிடம் கற்றது. அந்தப் பேச்சை வைத்துத்தான் கப்பல்களுக்குக் காய்கறியும் கோழியும் கொடுத்துப் பிழைத்தார்.

அது 1972. புதுத் துறைமுகம் இன்னும் கட்டி முடியவில்லை. பெரிய கப்பல்கள் நடுக்கடலில் நிற்கும், தோணிகள்தான் போய்வரும். தோணி ஓட்டும் ஜீவமணி ஒரு நாள் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அண்ணாச்சி, அந்தப் பிரெஞ்சுக் கப்பல்ல நம்ம சொரிமுத்து நிக்கான்! என் கண்ணால பார்த்தேன்."

சொரிமுத்து அவருடைய ஒரே மகன். வீட்டை விட்டுப் போய் நாலு வருஷம். டாக்டர் கைவிட்டுவிட, கட்டிலில் கிடந்த அவர் மனைவி பிச்சம்மாளின் காதிலும் அது விழுந்துவிட்டது.

"கூட்டிட்டு வாங்க. ஒரு தடவை அவன் முகத்தைப் பார்த்துக்கிடுதேன்" என்று புருஷனைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

தோணியில் போகும்போது அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"என்ன அண்ணாச்சி, மந்திரமா?"

"சும்மா கெடல. பிரெஞ்சுல 'முடியும்'னு மொட்டையாச் சொல்ல ஒரு சொல் இருக்கு. என் மகன் இறங்க முடியணும், நீங்க மனசு வைக்கணும்னு கேக்கையில அதே சொல்லு குனிஞ்சு 'புயீஸ்'னு ஆயிரும்."

"சொல்லுகூடக் கும்பிடு போடுதா! நல்ல பாஷைதான்."

ஏணிக்கு மேலே கேப்டன் நின்றார். பால்துரை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ழ வூத்ரே க மோன் ஃபீஸ் புயீஸ் தெசாந்த்ர்" என்றார். என் மகன் இறங்க முடியவேண்டும் என்ற கும்பிடுதான் அது.

கேப்டன் புருவத்தைத் தூக்கினார். "உங்கள் மகனா? எல்லாருக்கும் முதல் நாளே அனுமதி கொடுத்தேனே! அவன் ஒருவன்தான் இறங்க மாட்டேன் என்றான்."

"என்ன சொல்லுதாரு தொரை?" என்று ஜீவமணி கேட்டான். பால்துரை அவனைத் தோணியிலேயே விட்டுவிட்டுத் தனியாக ஏணியில் ஏறினார்.

சொரிமுத்து மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அம்மாவுக்கு ரொம்ப முடியலல. வாய்யா."

அவன் கண் நிறைந்தது. "எப்படிப்பா வருவேன்? ஞானதீபத்தைக் கட்டிக்கிடுதேன்னு சொன்னதுக்கு, 'இனி இந்த ஊர் மண்ணை மிதிக்க மாட்டேன்னு உங்க அம்மா தலைமேல சத்தியம் பண்ணு'ன்னு நீங்கதானே கேட்டீய? பண்ணிட்டேன். இப்போ மிதிச்சு, அவுகளுக்கு ஒண்ணு ஆயிட்டா?"

"நான் சொல்லுதேம்ல, அது செல்லாது."

"தலை அம்மாவோடது. அவுக வாயால, 'விட்டேன், வா'ன்னு சொல்லட்டும். நீந்தியாவது வாரேன்."

பிச்சம்மாளுக்கு அந்தச் சத்தியம் தெரியாது. மகன் கோபித்துக்கொண்டு போனான் என்றே நாலு வருஷமும் அழுதிருக்கிறாள். உண்மையைச் சொன்னால் போதும். அடுத்த நிமிஷமே விட்டேன் என்பாள். கரைக்குத் திரும்பும் வழியெல்லாம் பால்துரை அதைச் சொல்லத்தான் நினைத்து வந்தார். வாசலையே பார்த்துக்கொண்டிருந்த அவள் கண்களைக் கண்டதும் வாயில் வேறு சொல் வந்தது.

"கேப்டன் விடமாட்டேன்னுட்டான் பிச்சம்மா."

அவள் அவர் கையைத் தேடிப் பிடித்தாள். "போகட்டும். எனக்காக அந்நிய ஆளுகிட்டப் போய்க் கெஞ்சிட்டு வந்தீயளே, அது போதும்."

விடிந்ததும் கப்பல் நங்கூரம் தூக்கியது. தாயையும் பிள்ளையையும் பிரித்த, முகம் தெரியாத அந்தக் கேப்டனைச் சபித்துக்கொண்டே அந்த வாரத்தில் பிச்சம்மாள் கண்ணை மூடினாள். பால்துரை அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.