குழிக்குள் கிடந்த வஞ்சிரம்

1. போன சனிக்கிழமை, ராயபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டை இடித்தார்கள்.
2. அடியில் தாத்தா காலத்துக் கக்கூஸ் குழி. மூடி ஐம்பது வருஷம் இருக்கும். உள்ளே வெறும் கறுப்பு மண்.
3. மணல் கொட்டி நிரப்பச் சொன்னார் அப்பா. நான் சல்லடை கேட்டேன்.

மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவளிடம் குழியைக் காட்டினால் வேறென்ன கேட்பாள்?

தொல்லியல்காரர்களுக்குப் பழைய கழிப்பறைக் குழியும் குப்பை மேடும் புதையல். விழுங்கிய விதை, துப்பிய முள், கடித்த எலும்பு — நிறைய அப்படியே கிடக்கும். ஒரு வீடு என்ன சாப்பிட்டதாகச் சொல்லிக்கொண்டது என்பது வேறு... என்ன சாப்பிட்டது என்பது வேறு.

எங்கள் வீடு சொல்லிக்கொண்டது, சுத்த சைவம். தாத்தா திருநெல்வேலியிலிருந்து வந்து மளிகைக் கடை போட்ட நாள் முதல். நான் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கும் பிரபுவோ எண்ணூர்க்காரன். மீன் இல்லாமல் சோறு இறங்காத குடும்பம்.

"மூணு தலைமுறையா இந்த வீட்டுல மீன் வாசம் பட்டதில்ல." எட்டு மாதமாக அப்பாவின் ஒரே பதில் இது.

சல்லடையில் முதலில் புளியங்கொட்டை, கொய்யா விதை. அப்புறம் ஒரு பித்தளைச் சொம்பு அகப்பட்டது. அது கிடந்த அதே அடுக்கில், வட்ட வட்டமாகச் சின்ன எலும்புகள்.

மேஸ்திரி ஆறுமுகம் காசிமேட்டுக்காரர். ஒன்றை எடுத்து விரலில் உருட்டினார்.

"இன்னாமா யோசிக்கிற? வஞ்சரம் நடுமுள்ளு. இத்த துன்னுக்கினுதான் வளந்தேன்."

வீட்டை நமக்கு விற்றவர்கள் தின்றிருப்பார்கள் என்றார் அப்பா. நான் சொம்பைத் துடைத்து நீட்டினேன். பேர் வெட்டாத பாத்திரம் எங்கள் வீட்டுக்குள் வந்ததே கிடையாது — கக்கூஸ் சொம்பு உட்பட. விளிம்பில் தாத்தாவின் பெயர், இனிஷியலோடு.

மீன் முள்ளைக் குப்பையில் போட்டால் தெருவுக்கே தெரியும். குழியில் போட்டால் யாருக்குத் தெரியும்? பாவம் தாத்தா... பேத்தி இந்தப் படிப்பு படிப்பாள் என்று கண்டாரா?

அப்பா சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கப்பா ஞாயித்துக்கிழமை மட்டும் வெத்தலையோட நாலு ஏலக்காய் சேத்துப் போடுவாரு," என்றார் மெதுவாக. "கடைச் சரக்குதானேன்னு நெனைச்சேன்."

பெர்சு செம கில்லாடி சார் என்றார் மேஸ்திரி. அப்பா அவரை முறைக்கத்தான் பார்த்தார். சிரிப்பு முந்திக்கொண்டது.

இன்றைய நிலவரம்: குழியை நிரப்பியாகிவிட்டது. கல்யாணத்துக்குச் சரி என்று அப்பா இன்னும் சொல்லவில்லை. பிரபு வீட்டார் வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். வரச் சொன்னது அப்பா.